அறுபத்தோராம் பக்கம்

பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

விசில் எழுதுகிறேன். நீங்களும் பொடிசும் நலந்தானே? உங்கள் சர்க்கரை அடங்கி இருக்கிறதா? இங்கே வீட்டில் எல்லோரும் நலம். என் தலைமுடி மட்டும் நலமில்லை, நாளுக்கு நாள் விடைபெறுகிறது.

நாவலைப் பற்றி எதுவானாலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டப்படி இந்தக் கடிதம். "போன்ல பேசினா நீ என்னைப் பேசியே கவுத்துடுவே" என்றீர்கள். மறுக்க முடியவில்லை.

'தொட்டிக்குள் ஒரு தேசம்' திரைக்கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தொண்ணூற்றெட்டுப் பக்கம். பதினைந்து வருடமாக அடுத்தவர் பெயரில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, முதல் முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு படம். அதுவும் என் அத்தையின் நாவல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். பிள்ளைகளின் வயதைக் கூட்டியிருக்கிறோம். நாவலில் பதினொரு வயது அண்ணனும் ஏழு வயதுத் தங்கையும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் பம்ப் அறை வழியாக அந்தத் தேசத்துக்குள் போகிறார்கள். படத்தில் அவனுக்குப் பதினேழு, அவளுக்குப் பதினான்கு. "பொடிப்பசங்க படத்துக்குப் பொடிப்பசங்கதான் வருவாங்க. அவனுக்கு மீசை முளைக்கட்டும், கூட்டம் தானா வரும்" என்பது தயாரிப்பாளரின் வாக்கு. வாசலில் கோல் வைத்து உயரம் அளக்கும் காவலன், கோலைத் தாண்டி வளர்ந்தவர்களை உள்ளே விடமாட்டானே, படத்தில் அவன் உயரத்தை அளப்பதில்லை. வருகிறவர்கள் சொல்லும் பொய்யை அளக்கிறான்.

இரண்டு வேண்டுகோள். ஏப்ரல் முடிவதற்குள் சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். வராவிட்டால் வேறு கதைக்குப் போய்விடுவார்கள், நானும் பழையபடி பேரில்லாதவன் ஆகிவிடுவேன். இன்னொன்று, 61ஆம் பக்கத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

வெகுநாளாகக் கேட்க நினைத்தது ஒன்று. நாவலில் வரும் அண்ணனுக்கு என் நடை, என் பேச்சு, என் சுருட்டை முடி எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். விசிலை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

என்றும் உங்கள் மருமகன்,
விசில்

---

பிப்ரவரி 22

அன்புள்ள விசிலுக்கு,

அத்தையின் ஆசிகள். நான் நலம் என்று சொன்னால் இதை எழுதிக்கொண்டிருக்கிற ஆள் முறைக்கிறாள். வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. இடது கண்ணுக்கு மே மாதக் கடைசி. உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் சொல்லவில்லை. அச்செழுத்தெல்லாம் இப்போது எனக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. ஆகவே வாய் என்னுடையது, கை பொடிசுடையது. கோர்ட்டில் சாட்சி சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து பழகியவள் என்பதால் நான் தும்மினால்கூட எழுதிவிடுவாள். (அம்மா இதுவரை தும்மவில்லை. – பொடிசு)

உன் கதையையும் அவளே எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ஞாயிறுதோறும் எட்டுப் பக்கம். ஆளுக்கொரு குரல் வைத்துப் படிக்கிறாள். தவளை ராணி பதினாறு வயதுப் பெண்ணாகிவிட்ட பக்கத்தில் இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் தவளை உனக்கு என்னடா பாவம் செய்தது? (கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்களால் வந்துவிட்டது அத்தான். அதிருக்கட்டும், 61இல் அப்படி என்ன ரகசியம்? உங்கள் கடிதத்தை நான்தானே வாசித்தேன். புரட்டிப் பார்க்கக் கை அரிக்கிறது. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று அம்மா கதையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். – பொடிசு)

படித்து முடித்த பிறகு படிவத்தைப் பற்றி யோசிக்கலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். விசில் பற்றிய கேள்விக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை

---

பிப்ரவரி 25

விசிலுக்கு,

இது என் கை. கோடு போட்ட தாளில் தடித்த பேனாவால், வரிக்கு நாலு வார்த்தையாக எழுதுகிறேன். பொடிசு கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

61இல் என்ன எழுதியிருக்கிறாய்? தாழ்ப்பாளா?

அது அவளுக்குத் தெரியாது. பம்ப் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்றுதான் இந்த இருபது வருடமாக நம்புகிறாள். ஆறு மணி நேரம் அந்த இருட்டில் கத்தி, குழாயில் ஏறி, விழுந்து முழங்கால் உடைந்தது காற்றால்தான் என்று நம்புகிறாள். இன்றும் காலை இழுத்து நடக்கிறாள், இன்றும் உன் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. வெளித் தாழ்ப்பாளை என் கையால் திறந்தவள் நான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் நீ அதன் எண்ணை அவளுக்கே சொல்லித் தொலைத்திருக்கிறாய். 61 இல்லையென்றால் முதலில் அதைத்தான் கேட்பாள். அதனால் வேறொரு 61 எழுதி அனுப்பு. அதுவும் உன் பதிலும் வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்த்த மருத்துவமனை மருந்தகத்துக்கு அனுப்பு. கண்ணைக் காட்டப் போகும்போது ஸ்டோர் அம்மாவிடம் வாங்கிக்கொள்வேன். பெரிய எழுத்தில் எழுது.

அத்தை

---

மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா? ஆபரேஷன் என்று தெரிந்திருந்தால் கதையை அனுப்பியே இருக்க மாட்டேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆமாம், தாழ்ப்பாள்தான்.

வயதைக் கூட்டச் சொன்னது தயாரிப்பாளர். எனக்கு அதில் விருப்பமே இல்லை. சண்டை போட்டேன், தோற்றேன். அன்று மேசையில் உட்கார்ந்து 'அண்ணன், வயது 17' என்று தட்டினேன். அதற்கு மேல் கை நகரவில்லை. பதினேழு என் வயது அத்தை. நீங்கள் நாவலில் ஆறு வருடத்தைக் கழித்திருந்தீர்கள், அதை அவர்கள் அறியாமலே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பதினொரு வயதுப் பையன் ஒருத்தியை உள்ளே விட்டுவிட்டு மறந்தால், தொட்டித் தண்ணீர் குடித்ததால் மறதி வந்தது என்று எழுதலாம். படிக்கிற பிள்ளையும் நம்பும். பதினேழு வயதுக்காரன் மறந்தால் எந்தத் தண்ணீரைச் சொல்வது?

நீங்கள் அன்று மருந்தகத்தில் வேலையில் இருந்தீர்கள். "பொடிசைப் பார்த்துக்கோடா" என்றீர்கள். சினிமாக் கொட்டகை வாசலில் நண்பர்கள் காத்திருந்தார்கள். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று பம்ப் அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். பாதிப் படத்தில் எழுந்து வந்துவிடுவதாகத்தான் நினைத்தேன். படம் முடிந்தது, மழை பிடித்தது, நண்பன் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பற்றியே பேசினோம். அவள் நினைவே வரவில்லை. நான் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வாசலில் நின்று, "காத்துல கதவு சாத்திக்கிச்சு. புரிஞ்சுதா?" என்றீர்கள். புரிந்தது என்றேன்.

அதற்குப் பிறகு நான் விசில் அடித்ததே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கத்தை மாற்ற மாட்டேன். அவள் இருபத்தேழு வயதுப் பெண், தாங்கிக்கொள்வாள். என்னை வெறுத்தால் வெறுக்கட்டும்.

விசில்

---

மார்ச் 15

அன்புள்ள விசிலுக்கு,

அத்தையின் ஆசிகள். இங்கே இருவரும் நலம். வீட்டில் குழந்தை நலமா?

இன்றோடு நாற்பது பக்கம் ஆகிவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் உன் கதாநாயகனுக்கு மூக்கின்மேல் கோபம். (எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தங்கை கையைப் பிடித்தால் உதறுகிறான், கடிகாரத்தையே பார்க்கிறான். "இந்தப் பையனுக்கு எங்கேயோ போகணும்மா" என்றேன். அம்மா தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. – பொடிசு)

அதையெல்லாம் எழுதாதே என்றால் கேட்கிறாளா? நான் சொன்ன மாற்றத்தை நீ மறந்துவிடாதே. (என்ன மாற்றம் என்று கேட்டேன். தவளையைப் பற்றியது என்கிறார். – பொடிசு)

அன்புடன்,
அத்தை

---

மார்ச் 18

விசிலுக்கு,

இன்னும் மூன்று ஞாயிறுதான் இருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறாய். அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள் நான்.

உன் அப்பாவை நினைத்துப் பார். என் அண்ணன்தான், ஆனாலும் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்திருந்தால் உன்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார். அம்மா இல்லாத பிள்ளை, பத்து நாளில் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டியவன். ஒரு பொய்யில் உன்னைக் காப்பாற்றினேன். அந்தப் பொய் தனியாக நிற்காதென்று ஒரு நாவலே எழுதினேன். இன்று அதே நாவலை வைத்து என் கழுத்தில் கத்தி வைக்கிறாய். நன்றாக இருக்கிறதடா உன் நன்றி.

"என்னை வெறுக்கட்டும்" என்று பெரிய மனிதனாக எழுதியிருக்கிறாய். அவள் உன்னை மட்டும் கேட்கப் போவதில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் என் கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

புதுப் பக்கம் வந்தால் அன்றே கையெழுத்து. வராவிட்டால் படம் இல்லை.

அத்தை

---

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று நாள் யோசித்தேன். அதில் இரண்டு நாள் உங்களைப் பற்றி, ஒரு நாள் என் பெயரைப் பற்றி. கடைசியில் ஜெயித்தது பெயர்தான், அதை மறைக்க விரும்பவில்லை. தயாரிப்பாளர் தினமும் கேட்கிறார்.

இத்துடன் புது 61. காற்று அடிக்கிறது, கதவு சாத்திக்கொள்கிறது. பழையதை எடுத்துவிட்டு இதை அதே இடத்தில் செருகிவிடுங்கள். நான் எழுதியதிலேயே மட்டமான பக்கம் இது. ஆனால் எழுத்துப்பிழை இல்லை.

விசில்

---

ஏப்ரல் 10

விசிலுக்கு,

பக்கம் வந்து சேர்ந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்று பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணை இடுக்கி, எண் பார்த்து மாற்றிவிட்டேன். பழையதைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. அவளுக்குக் கோர்ட்டில் வேலை அதிகம் என்பதால் போன ஞாயிறு படிக்கவில்லை. நாளை மறுநாள் 57இலிருந்து தொடங்குவாள். அது முடிந்ததும் திங்கட்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடி ஒரு முறை அந்தக் கதவைச் சாத்தியது போல இருக்கிறது. போகட்டும்.

அத்தை

---

ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இரண்டு திங்கட்கிழமை போய்விட்டன. படிவம் வரவில்லை, கடிதமும் இல்லை. சட்டத்தை மீறி மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பொடிசுக்கு ஏதாவதா?

முப்பதாம் தேதி கடைசி நாள். அது கிடக்கட்டும். நலம் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதை யார் எழுதினாலும் சரி.

விசில்

---

மே 3

அத்தானுக்கு,

பொடிசு எழுதுகிறேன். அம்மாவின் கண் நன்றாக ஆறிவிட்டது. என் நலத்தைக் கேட்க வேண்டாம்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை 57இலிருந்து படித்தேன். 61 வந்தது. அண்ணன் குரலில், "ரெண்டே நிமிஷம், இங்கயே இரு, வந்துடறேன்" என்று படித்தேன். தாழ்ப்பாள் போடுகிறான். விசில் அடித்துக்கொண்டு நடக்கிறான். விசில் சத்தம் தேய்ந்து மறைகிறது. அதுவரை படித்திருந்தேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "என்ன படிக்கறே? அது அங்க இருக்காதே" என்றார்.

அங்கே இருக்காதாம். அப்படியானால் எங்கே இருக்கும் என்று, வரிசையாகப் படிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினேன். 66க்கும் 68க்கும் நடுவில் இன்னொரு 61 இருந்தது. தாள் கொஞ்சம் வெள்ளை. அதில் காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டது. 67ஐக் காணோம். அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் ஏழும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நல்ல பக்கத்தை எடுத்துப் போட்டுவிட்டு, எடுக்க நினைத்ததை என் கையில் கொடுத்திருக்கிறார். பாவம்.

ஒரே சம்பவத்துக்கு ஒரு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால், எங்கள் நீதிபதி ஒன்றைத்தான் கேட்பார்: "முதல்ல எதைச் சொன்னீங்க?"

முதலில் சொன்னது நான், அத்தான். உங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். காலில் கட்டோடு காய்ச்சலில் படுத்திருந்த மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். "அத்தான்தான் தாழ்ப்பாள் போட்டாங்க. விசில் சத்தம் தள்ளித் தள்ளிப் போச்சு. நான் கூப்பிட்டேன்." அம்மா என் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல்ல கனவு கண்டிருக்கே. காத்துல சாத்திக்கிச்சு" என்றார். நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை அம்மா அழுதார். அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம் நாவல் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தார்கள், நானும் பத்து முறை படித்தேன். காவலன், கோல், தவளை ராணி என்று எல்லாம் அவ்வளவு அழகாக இருந்தது. அதில் விசில் இல்லை. ஆக நான்தான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். என்னை அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்ட அத்தான்மீது வாய் கூசாமல் பழி போட்ட பிள்ளை நான் என்று இத்தனை வருடமும் உள்ளுக்குள் வெட்கப்பட்டேன். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதற்காகவே கூடுதலாகச் சிரித்தேன்.

மூன்று வாரமாக அம்மாவோடு நான் பேசவில்லை. தினமும் நான்கு வேளை சொட்டு மருந்து போடும்போது "கண்ணைத் திறங்க" என்பேன். போட்ட பிறகு "மூடுங்க" என்பேன். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

இரண்டில் எது உண்மை என்று உங்கள் கையால் எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

பொடிசு

---

மே 9

பொடிசுக்கு,

முதல் 61 உண்மை. தாழ்ப்பாளைப் போட்டது நான். அப்போது எனக்கு வயது பதினேழு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கேட்கக் கூடாதென்றுதான் விசில் அடித்தேன். அதைத் திரைக்கதையில்கூட எழுதத் துணியவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அப்புறம் உன்னை மறந்துவிட்டேன். அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

நீ அத்தையிடம் சொன்னது எனக்குத் தெரியாது. நான் உன் காலை மட்டும்தான் உடைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.  மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

தயாரிப்பாளரிடம் மே மாதம் முடியும்வரை தவணை வாங்கியிருக்கிறேன். இனி அது அத்தையின் முடிவல்ல, உன்னுடையது. வேண்டாம் என்றால் இன்றே நிறுத்திவிடுகிறேன். என் பெயர் போனால் போகட்டும், இந்த முறை நிஜமாகத்தான் சொல்கிறேன்.

விசில்

---

மே 24

விசிலுக்கு,

அத்தை சொல்ல, பொடிசு எழுதுவது. நாளைக்கு இடது கண். அவள்தான் கூட்டிப் போகிறாள்.

உன் கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள், எந்தக் குரலும் வைக்காமல். அப்புறம் இரண்டு வாரம் கழித்து, நேற்றுத்தான் பேசினாள். "படம் வரட்டும். அத்தானுக்குப் பதினேழு இருக்கட்டும். ஆனா என்னை ஏன் பதினாலு ஆக்கினாங்க?" என்று கேட்டாள். தயாரிப்பாளர்தான் எல்லோருக்கும் வயதைக் கூட்டச் சொன்னாராமே என்றேன். "பதினாலு வயசுப் பொண்ணு சொன்னா நாலு பேராவது நம்புவாங்கம்மா. ஏழு வயசுன்னாதான் காய்ச்சல்னு சொல்ல முடியும்" என்றாள்.

 எனக்கு அழக்கூட முடியவில்லை, கண்ணுக்கு ஆகாது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் மூன்று வயதை எழுதியிருக்கிறேன். அண்ணனுக்குப் பதினேழு, தங்கைக்கு ஏழு, அம்மாவுக்கு முப்பத்தெட்டு. இவற்றில் ஒன்று மாறினாலும் என் கையெழுத்து செல்லாது. உன் தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டால் எடுக்கட்டும், இல்லையென்றால் விட்டுவிடட்டும்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தேடுவாய். நாவலில் அம்மாவே கிடையாது. பிள்ளைகள் கதைக்கு அம்மா இடைஞ்சல் என்று பேட்டியிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பொய். படத்தில் அவளைச் சேர். மருந்தகத்து வெள்ளைக் கோட்டோடு ஓடி வருகிறாள். வெளியே போட்டிருக்கும் தாழ்ப்பாளைப் பார்க்கிறாள், தன் கையால் இழுத்துத் திறக்கிறாள். மூன்றாம் நாள் குழந்தை உண்மையைச் சொல்கிறது. நான்கு முறை சொல்கிறது. அவள் காற்று என்கிறாள். (இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, "அவள்னு சொன்னா யாரு?" என்று கேட்டேன். – பொடிசு)

நான். காற்று என்று சொன்னது நான். என் மகள் அன்று சொன்னது அத்தனையும் உண்மை. அது உண்மை என்று தெரிந்துதான் கனவு என்றேன். அண்ணன் மகனைக் காப்பாற்றியதாக இத்தனை நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். காப்பாற்றும் அவசரத்தில் பெற்ற பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினேன். விசிலை நாவலில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டாயே, சேர்த்திருந்தால் இவள் கண்டுபிடித்திருப்பாள். அதுதான் பதில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

(அத்தான், உங்களோடு எப்போது பேசுவேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அம்மாவோடு நேற்று ஐந்து வாக்கியம் பேசினேன், இன்று இந்தக் கடிதம். மேலே இருப்பதில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சரி என்று ஒப்புக்கொண்டார். – பொடிசு)